பாயில் யார் படுத்தது

போனில் பேசிய பெண் பாம்பைப் பற்றி முதலில் சொல்லவில்லை. "தம்பி, ஒரு பொம்பளையும் கொழந்தையும் மட்டும் கீற வூடு. ஆம்பள நைட் ஷிப்ட் போயிட்டாரு. சீக்கிரம் வாங்க" என்றார். பின்னால் யாரோ அழும் சத்தம் கேட்டது. எங்கே இருக்கிறது என்று கேட்டேன். ஹாலில், பாய்க்கு அடியில். பாயைத் தொட வேண்டாம், ஒருத்தர் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருங்கள் என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.

ஐப்பசி அடைமழை அப்போதுதான் விட்டிருந்தது. வில்லியனூரைத் தாண்டி மங்கலம் போகிற சாலையில், வயலில் செம்மண் கொட்டி மேடாக்கி மனை போட்டிருக்கிறார்கள். முகப்பில் சிமெண்ட் வளைவு. உள்ளே கொஞ்சம் வீடுகள், மீதி எல்லாம் காலி மனை. மனைக்கல் தெரியாத அளவுக்குக் கோரை வளர்ந்திருந்தது. மழைக்காலத்தில் இந்தப் பக்கம் அடிக்கடி வருவேன். வயலில் தண்ணீர் ஏறினால் எலி மேட்டுக்கு வரும். எலிக்குப் பின்னால் பாம்பு வரும். மேடு என்று இப்போது இருப்பது வீடுகள்தான்.

நான் மருந்துக் கடையில் வேலை செய்கிறேன். கல்லூரியில் விலங்கியல் படிக்கும்போதே பாம்பு பிடிக்கப் பழகினேன். வனத்துறையில் பெயர் கொடுத்திருக்கிறேன். யார் வீட்டில் பாம்பு வந்தாலும் என் எண்ணைத்தான் கொடுக்கிறார்கள். என் மனைவி ஆனி மேரி இருந்தவரை, பாம்பு பிடித்துவிட்டுத் திரும்பியதும் வாசலிலேயே நிறுத்தி என் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். அவள் செத்துப்போன பிறகு எனக்குப் பயம் விட்டுப்போனது. சுரேஷுக்கு ரொம்ப தைரியம் என்கிறார்கள். தைரியம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். இது அது இல்லை.

வாசல்படியில் துடைப்பக்கட்டையோடு நின்ற பெண்தான் போன் செய்தவர். பக்கத்து வீட்டுக் கஸ்தூரி. ஐம்பது வயது இருக்கும். திரும்பாமலே பேசினார்.

"வாங்க தம்பி. கண்ண சிமிட்டாம பாத்துக்கினு கீறேன். எங்க வூட்டுக்காரர கூட நான் இம்மாம் நேரம் பாத்ததில்ல."

வீட்டுக்காரப் பெண் ஆரோக்கிய செல்வி பிளாஸ்டிக் நாற்காலி மேல் நின்றிருந்தாள். நைட்டியை முழங்கால் வரை தூக்கிப் பிடித்திருந்தாள். நாற்காலி நடுங்கியது.

"அண்ணா, பாய சுருட்டலாம்னு ஓரத்த தூக்குனேன்ணா. கறுப்பா ஒண்ணு. செல்போன் ஒயருன்னு நெனச்சி புடிக்கப் போனேன். அசைஞ்சுது. அப்பிடியே போட்டுட்டேன்."

"தொட்டீங்களா?"

"தொடல. தொட்டனா? தொடலண்ணா."

ஹால் சின்னது. மாதா படத்துக்குக் கீழே சிவப்பு விளக்கு. ஜன்னலோரம் கோரைப்பாய், இரண்டு தலையணை, பூனை பொம்மை போட்ட போர்வை. போர்வையைப் பாம்புக் கொக்கியால் தூக்கி உதறித் தள்ளினேன். பாயின் ஓரத்தை மெல்ல மடக்கினேன்.

கறுப்பு. எண்ணெய் தேய்த்த மாதிரி பளபளப்பு. முதுகில் மெல்லிய வெள்ளைக் கோடுகள், இரண்டிரண்டாக. சுருண்டு, தலையை உடம்புக்கு அடியில் மறைத்து வைத்திருந்தது. பகலில் இது அப்படித்தான் இருக்கும். சீறாது. எதையும் பார்க்க விரும்பாத மாதிரி கிடக்கும். ராத்திரியில் வேறு.

கொண்டுவந்த பிளாஸ்டிக் குழாயின் ஒரு வாயை மெல்லிய துணிப்பையோடு சேர்த்துக் கட்டித் தரையோடு வைத்தேன். கொக்கியால் தொட்டதும் உடம்பு முழுவதையும் ஒரு வெட்டு வெட்டியது. கஸ்தூரி "ஐயோ" என்று படியிலிருந்து இறங்கி ஓடி, மறுபடி வந்து எட்டிப் பார்த்தார். இருட்டான இடம் தேடி அது குழாய்க்குள் நுழைந்தது. பையை முறுக்கிக் கட்டி, மூடியில் துளை போட்ட டப்பாவுக்குள் வைத்து மூடினேன்.

"இன்னா பாம்பு தம்பி?"

"கட்டுவிரியன்."

கஸ்தூரி கேட்டார்: "நல்ல பாம்பவிட மோசமா?"

"மோசம்தான்."

செல்வி நாற்காலியை விட்டு இறங்கிக் கால், கை, கழுத்து என்று தடவிப் பார்த்துக்கொண்டாள். கொலுசை நகர்த்திவிட்டுப் பார்த்தாள். "ராத்திரி பூரா இது கூடவா படுத்திருந்தேன்? அக்கா, எனக்கு என்னமோ பண்ணுதுக்கா."

"ஒண்ணும் பண்ணல. இரு, பாத்துப்புடலாம்." கஸ்தூரி தெருமுனைக்கு ஓடிப்போய் ஒரு கொத்து வேப்பிலை ஒடித்து வந்தார். கொழுந்தாக ஓர் இணுக்கு உருவிச் செல்வியின் வாயில் திணித்தார். "மெல்லு. நல்லா மெல்லு. கசக்குதா?"

செல்வியின் முகம் கோணியது. வாசலில் போய்த் துப்பினாள். "தூ. கொமட்டுதுக்கா."

"அப்ப ஒண்ணுமில்ல. வெஷம் ஏறியிருந்தா வெறும் தழை தின்ன மாதிரி இருக்கும். எங்க ஊரு கரும்புக் கொல்லையில யார கடிச்சாலும் மொதல்ல இத்தத்தான் குடுப்பாங்க. போயி டீ போடு. தம்பி மூஞ்சப் பாரு, காலையில ஒண்ணும் துன்னல போல."

செல்வி அழுதுகொண்டே சிரித்தாள். அடுப்பில் பால் வைத்தாள். நான் தடுத்திருக்கலாம், பேசாமல் உட்கார்ந்தேன். இலை ஒன்றும் காட்டாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் அவள் தெளிவாகப் பேசினாள், கண்ணை அகலத் திறந்து பார்த்தாள், ஓடினாள். டீ இஞ்சி போட்டு நன்றாக இருந்தது. டப்பாவுக்குள் சத்தமே இல்லை. கஸ்தூரி அதைச் சுற்றி நடந்து பார்த்துவிட்டு, "மூடி டைட்டாத்தான கீது?" என்று இரண்டு தடவை கேட்டார்.

கட்டுவிரியன் கிடைத்த வீட்டில் கிளம்புமுன் ஒன்று கேட்பேன். அன்றும் கேட்டேன்.

"இந்தப் பாயில் யார் யார் படுத்தது?"

"நானும் பாப்பாவும்ணா. கரண்ட் போச்சு. ஜன்னல்கிட்ட காத்து வரும்னு இங்க படுத்தோம்."

"பாப்பா எங்கே?"

"உள்ள கட்டில்ல. தூங்குறா. எழுப்பாதீங்கண்ணா, விடியகாலம் எழுந்து வயித்து வலின்னு ஒரே அழுக. நேத்து ஸ்கூல் விட்டு வந்து பானிபூரி துன்னா, சொன்னா கேக்கல. ஓமத்தண்ணி காச்சிக் குடுத்தேன், பாதி வாந்தி எடுத்தா. அப்புறம் கரண்ட் வந்துச்சு, தூக்கி ஃபேனுக்குக் கீழ போட்டேன். இப்பதான் அசந்து தூங்குறா. இந்தக் கூச்சல்ல கூட எழுந்துக்கல பாருங்களேன்."

டம்ளரைக் கீழே வைத்தேன். வைத்த இடம் சரியில்லை, கவிழ்ந்தது. பயம் திரும்பி வந்தது. இத்தனை நாளாக அது எங்கே இருந்தது என்று தெரியவில்லை. இருந்திருக்கிறது.

உள் அறையில் ஒழுகும் இடத்தில் வாளி வைத்திருந்தார்கள். சொட்டு விழும் சத்தம் கேட்டது. பெண்ணுக்கு எட்டு, ஒன்பது வயது இருக்கும். ஒற்றைச் சடை. மல்லாந்து படுத்திருந்தாள். கண் முழுக்க மூடவில்லை, இமைக்குக் கீழே வெள்ளை ஒரு கீற்று தெரிந்தது.

"பேரென்ன?"

"ரோஸி. ரோஸி மேரி. ஏண்ணா?"

"ரோஸி, கண்ணைத் திற."

நெற்றி சுருங்கியது. புருவம் மேலே போனது. இமை வரவில்லை. மறுபடி சொன்னேன். மறுபடி நெற்றி மட்டும் சுருங்கியது. தூக்கத்திலும் பிள்ளைகள் இப்படிச் செய்வார்கள். என் விரலை அவள் உள்ளங்கையில் வைத்து, பிடி என்றேன். அசைந்த மாதிரி இருந்தது. கை, கால், காது மடல், தலைமுடிக்குள், எங்கும் தேடினேன். ஒரு கீறல் இல்லை. நெஞ்சைப் பார்த்தேன். மேலே ஏறுவது குறைவாக இருந்தது. குறைவாக இருக்கிறதா, நான்தான் அப்படிப் பார்க்கிறேனா என்று நிச்சயமில்லை. தப்பாக இருக்க வேண்டும் என்று நினைத்தேன். இந்தத் தெரு முழுக்க என்னைப் பார்த்துச் சிரிக்கட்டும் என்று நினைத்தேன்.

"ஆஸ்பத்திரிக்குத் தூக்கணும். இப்பவே."

"கடிச்ச எடமே இல்லியே தம்பி" என்றார் கஸ்தூரி. "பல்லு பதியாம எப்பிடி?"

"இதோட பல்லு பதிஞ்சா தெரியாதுக்கா. வீங்காது. வலிக்காது. கொசு கடிச்ச மாதிரிதான். அப்புறம் வயிறு வலிக்கும்."

செல்வி என்னைப் பார்த்தாள், பெண்ணைப் பார்த்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

அந்த நேரத்தில் செல்வியின் கணவன் சார்லஸ் வந்தான். சேதராப்பட்டில் கம்பெனி பஸ் ஏறி, மெயின் ரோட்டில் இறங்கி நடந்து வந்திருக்கிறான். கழுத்தில் அடையாள அட்டை, கையில் சாப்பாட்டுப் பை, சட்டையில் மெஷின் எண்ணெய் வாசனை.

"இன்னாடி கும்பல்?"

கஸ்தூரிதான் எல்லாவற்றையும் சொன்னார். அவன் டப்பாவைப் பார்த்தான். பின்னால் நகர்ந்தான். பிறகு என்னிடம் வந்தான்.

"புடிச்சிட்டல்லபா? ரொம்ப தேங்க்ஸ். அப்புறம் எம் பொண்ணு ரூம்ல இன்னா?"

சொன்னேன்.

"பானிபூரி துன்னா வயிறு வலிக்காதா? போன மாசமும்தான் வலிச்சிது. அதுக்கு இன்னா, பாம்பா?" குரல் உயர்ந்தது. "நானே பன்னெண்டு மணி நேரம் நின்னுட்டு வரேன். சும்மா பயமுறுத்திக்கினு. ரோஸி! ஏய் ரோஸி! அப்பா வந்துட்டேன் பாரு, எழுந்திரு."

நெற்றி சுருங்கியது. அவன் அதைப் பார்த்தான். பார்த்துவிட்டு வேறு பக்கம் பார்த்தான்.

"தூக்கத்துல கீறா" என்றான்.

"ஒரு எலய குடுத்துப் பாத்துடலாம் சார்லஸு" என்றார் கஸ்தூரி. "செல்விக்குக் கசந்துச்சே. இதுக்கும் கசந்தா கவல இல்ல."

"வாயில் எதுவும் போடாதீங்க" என்றேன்.

"ஒரு எலதானபா. நீ செத்த சும்மா இரு" என்றான் சார்லஸ்.

கஸ்தூரி இலையைக் கசக்கி, பெண்ணின் உதட்டைப் பிரித்து நாக்கின் மேல் வைத்தார். எல்லோரும் அந்த முகத்தைப் பார்த்தோம். செல்வி தவழ்ந்து வந்து கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். சொட்டு, வாளியில். மறுபடி சொட்டு.

முகம் கோணவில்லை. உதடு சுழிக்கவில்லை. பச்சை நிற எச்சில் வாயோரத்தில் வழிந்து தலையணையில் இறங்கியது.

"சார்லஸு" என்றார் கஸ்தூரி. "கசக்கல. கொழந்தைக்கு கசக்கல சார்லஸு."

சார்லஸின் கையிலிருந்து பை விழுந்தது. நான் சொன்னதை அவன் நம்பவில்லை. இலையை நம்பினான். அது தப்பு என்று விளக்க நான் நிற்கவில்லை. விரலை விட்டு அவள் வாயிலிருந்து இலையை வழித்து எடுத்தேன். ஒரு துணுக்கு உள்ளே போயிருந்தால் மூச்சை அடைத்திருக்கும்.

நூற்றியெட்டுக்குப் போன் செய்தேன். வண்டி பாகூர்ப் பக்கம் போயிருக்கிறது, ரோட்டில் தண்ணீர், நேரமாகும் என்றார்கள். தெருக்கோடியில் இருசப்பன் குட்டி யானை மினி லாரியில் தண்ணீர்க் கேன் ஏற்றிக்கொண்டிருந்தார். சார்லஸ் ஓடினான். அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேன்களைத் தெருவில் உருட்டித் தள்ளினார். கஸ்தூரி விரிப்பதற்கு ஹாலில் கிடந்த கோரைப்பாயை அள்ளிக்கொண்டு வந்தார். செல்வி அலறினாள்.

"அந்தப் பாய் வேணாம்! தூக்கிப் போடு! அந்தப் பாய் வேணாம்!"

கஸ்தூரி பாயை அப்படியே சாக்கடையில் விட்டார். வெறும் தகரத்தில் போர்வையை விரித்து ஏற்றினோம். டப்பாவையும் எடுத்துக்கொண்டேன். இருசப்பனுக்குப் பக்கத்தில் சார்லஸ். பின்னால் நாங்கள் மூன்று பேர். பெண்ணை ஒருக்களித்துப் படுக்க வைத்து, எச்சில் வெளியே வழியும்படி முகத்தைச் சாய்த்துப் பிடித்தேன்.

செல்வி நைட்டிப் பையிலிருந்து சின்ன பாட்டிலை எடுத்தாள். மாதா கோவில் தீர்த்தம். நான் பார்ப்பதற்குள் வாயில் சாய்த்துவிட்டாள். தண்ணீர் உள்ளே போகவில்லை. அப்படியே திரும்பி வழிந்தது. அதைப் பார்த்துத்தான் அவளுக்கு முழுதும் புரிந்தது என்று நினைக்கிறேன். மீதித் தண்ணீரை விரலில் தொட்டு நெற்றியில் சிலுவை போட்டாள். போட்டுக்கொண்டே இருந்தாள்.

ரயில்வே கேட் மூடியிருந்தது. விழுப்புரத்திலிருந்து வண்டி வருகிறதாம். முன்னால் பஸ், வைக்கோல் வண்டி, ஸ்கூல் வேன். சார்லஸ் இறங்கி ஓடிக் கேட்டைப் பிடித்து ஆட்டினான். "திறங்கப்பா! பாம்பு கடிச்சிருக்குபா!" கேட்கீப்பர் தண்டவாளத்தைக் கை நீட்டிக் காட்டினார். பஸ்ஸிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள்.

என் கையை ரோஸியின் வயிற்றில் வைத்திருந்தேன். கை மேலே எழுவது தெரிந்தது. பிறகு தெரியவில்லை. பிறகு தெரிந்தது. ஒவ்வொரு தடவையும் அடுத்தது வராது என்று நினைத்தேன்.

"செல்வி, அவகிட்ட பேசுங்க. அவ தூங்கல. எல்லாம் கேக்குது."

"பாப்பா" என்றாள் செல்வி. "பாப்பா. பாப்பா." அதற்கு மேல் அவளால் முடியவில்லை. வாயில் போர்வை முனையைத் திணித்துக்கொண்டாள்.

அதனால் நான் பேசினேன். காதருகே குனிந்து பேசினேன். எனக்கு என்ன பேசத் தெரியும்? "வீட்டுல மோட்டார் காயில் எரிஞ்சிபோச்சு. நாளைக்குக் கழட்டிக்கினு போய் காயில் கட்டக் குடுக்கணும். காத்துல முருங்க மரம் முறிஞ்சி விழுந்துடுச்சு, பூவும் பிஞ்சுமா. பக்கத்து வூட்டுக் கோழி நம்ம செருப்பு ஸ்டேண்டுல முட்ட வெச்சிருக்கு. நான் எடுக்கல. அது அடகாக்கட்டும். மோட்டார மட்டும் நாளைக்குக் குடுத்துடறேன். நீ வர்றதுக்குள்ள தண்ணி வந்துடும்."

போன மழைக்காலத்தில் ஆனி நாங்கள் போகிற இதே பெரிய ஆஸ்பத்திரியில் காய்ச்சலோடு கண் மூடிக் கிடந்தாள். வாயில் குழாய். பேசுங்க சார், கேக்கும், என்று நர்ஸ் சொன்னார். அப்போது பேசியது இது. ஒரு சொல்கூட மாறாமல் இப்போது வாயில் வந்தது.

ரயில் போனது. தகரம் முழுக்க அதிர்ந்தது. கேட் ஏறுவதற்குள் இருசப்பன் ஹாரனில் கை வைத்தார், எடுக்கவே இல்லை.

வாசலிலேயே தள்ளுவண்டியில் வாங்கிக்கொண்டார்கள். எந்தப் பாம்பு என்று டாக்டர் கேட்டார். டப்பாவைத் திறந்து பையின் மேலே டார்ச் அடித்துக் காட்டினேன். கோடுகள் தெரிந்தன. அவர் திரும்பி ஓடினார். கதவு மூடியது. உள்ளே போகும்போது ரோஸியின் உதடு நீலமாக இருந்தது.

வெளியே தரையில் உட்கார்ந்திருந்தோம். மத்தியானம் தாண்டியது. இருசப்பன் தயிர்சாதப் பொட்டலம் வாங்கி வந்து வைத்தார். யாரும் பிரிக்கவில்லை. சார்லஸ் என் பக்கம் திரும்பினான்.

"அந்த எல மட்டும் அவளுக்குக் கசந்திருந்தா, நான் குளிச்சிட்டு படுத்திருப்பேன்பா."

ஒரு பொட்டலத்தை அவன் பக்கம் நகர்த்தினேன்.

"பாம்ப இன்னா பண்ணப் போற?"

"பாரஸ்ட்டுல குடுத்துடுவேன்."

அவன் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தான். 

மூச்சுக்கு மெஷின் வைத்திருந்தார்கள். மருந்து ஏறிக்கொண்டிருக்கிறது, பொறுத்துப் பார்க்கணும் என்றார்கள். அதன் பிறகு தினமும் கடை முடிந்ததும் நான் ஆஸ்பத்திரி வாசல் வரை போவேன். உள்ளே போகாமல் திரும்பிவிடுவேன். போன் அடித்தால் யார் என்று இரண்டு தடவை பார்த்துத்தான் எடுத்தேன். பாம்புக்கு யாராவது கூப்பிட்டால், பிடித்துவிட்டு வெளியே வந்து என் கைகளை நானே திருப்பிப் பார்த்துக்கொண்டேன்.

ஒரு நாள் செல்வி கூப்பிட்டாள். "அண்ணா, குழாய எடுத்துட்டாங்க. பேசறா. உங்கள பாக்கணுமாம். வாங்கண்ணா."

வார்டில் ஜன்னலோரக் கட்டில். ரோஸி தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கண் பெரிதாக இருந்தது. திறந்த கண்ணோடு அவளை அன்றுதான் பார்க்கிறேன். கஸ்தூரி ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். சார்லஸும் செல்வியும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

"மாமா வந்துட்டாரு பாரு. பாம்பு மாமா" என்றார் கஸ்தூரி. "உன்ன காப்பாத்துனதே அந்த எலதான்டி. கசக்கல பாரு, அதான் எல்லாரும் ஓடுனோம்."

ரோஸி தலையை ஆட்டினாள். குழாய் இருந்த தொண்டை, குரல் கரகரத்தது.

"கசந்துச்சு பெரிம்மா."

"இன்னாடி?"

"ரொம்ப கசந்துச்சு. துப்பணும்னு பாத்தேன். வாய் வரல."

கஸ்தூரியின் கையில் ஆரஞ்சுத் தோல் அப்படியே நின்றது. சார்லஸ் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றான். ரோஸி அவன் முதுகைப் பார்த்துப் பேசினாள்.

"அப்பா கூப்பிட்டீங்க. எழுந்திரு எழுந்திருன்னு. அம்மா எழுப்பாதீங்கன்னு சொன்னாங்க. எழுப்புங்க எழுப்புங்கன்னு உள்ள கத்துனேன். எல்லாம் கேட்டுச்சு. ரயிலு கூட கேட்டுச்சு."

செல்வி அவள் காலைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டாள். வார்டில் யாரோ இருமினார்கள். ரோஸி என் பக்கம் திரும்பினாள்.

"மாமா, மோட்டாரு குடுத்தீங்களா?"

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

"நாளைக்குக் குடுக்கறேன்னு சொன்னீங்கள்ல. காயில் எரிஞ்சிடுச்சின்னு. கோழி முட்ட வெச்சிதுன்னு."

"கேட்டுதா?"

"ம். குடுத்தீங்களா?"

"இல்ல" என்றேன்.

"அப்ப தண்ணிக்கு?"

"தெருக் குழாய்ல புடிச்சிக்கறேன்."

"குடுத்துடறேன்னு சொன்னீங்களே" என்றாள். அப்பாவைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், சாட்சிக்கு யாரும் இல்லாத மாதிரி மறுபடி என்னைப் பார்த்தாள். "நான் கேட்டேன்."

வீட்டுக்கு வந்ததும் பின்பக்கம் போனேன். மோட்டார் தொட்டி மேல் தகரம் மூடியிருந்தது. போன மழைக்காலத்துச் சருகு முழுக்க அதன் மேல் மக்கிக் கிடந்தது. கொக்கியால் தகரத்தைத் தட்டினேன். கொஞ்சம் நின்றேன். மெல்ல நெம்பித் தூக்கி, நான்கு மூலையிலும் டார்ச் அடித்தேன். சிலந்திவலை, துரு, ஒரு தேரை. வேறு எதுவும் இல்லை. இரண்டு தடவை பார்த்தேன். பயமாகத்தான் இருந்தது.

"இதோ கழட்டறேன்" என்று சத்தமாகச் சொன்னேன். ஸ்பானரை எடுத்துக்கொண்டு கையை உள்ளே விட்டேன்.